மடி வோட்டர்ஸ் பெட்டித் தொகுப்புக்கு விமர்சனம்: எதைக் கேட்பது, எதை எழுதுவது?

உவர்மலை_வாசகன்

திருகோணமலையில் எங்கள் இசை வட்டம் காலாண்டுக்கு ஒருமுறை விடுகிற மடலில், மூத்த புளூஸ் (கறுப்பின அமெரிக்கரின் பாட்டு மரபு) கலைஞர்களின் வாழ்நாள் தொகுப்புகளைப் பற்றி ஒரு தொடர் தொடங்குகிறோம். முதல் கட்டுரை அமெரிக்கப் புளூஸ் பாடகரும் கிற்றார்காரருமான மடி வோட்டர்ஸ் பற்றியது. எடுத்தது, செஸ் லேபிளில் வந்த அவருடைய பாட்டுகளை எம்சிஏ நிறுவனம் 1989இல் தொகுத்து வெளியிட்ட செஸ் பொக்ஸ், மூன்று சீடி, 72 பாட்டு. இடம் 700 சொல்தான்.

கேட்க வேண்டியது நாலு விசயம். முதலாவது, இந்தப் பாட்டுகள் எல்லாவற்றையும் உலகம் எப்பவோ தரம் பார்த்து முடித்துவிட்டது. அப்படியானால் தொகுப்பு விமர்சனத்தில் எதைத் தரம் பார்ப்பது? இரண்டாவது, சீடியில் ஒரு மாதிரியும் ஸ்ட்ரீமிங்கில் இன்னொரு மாதிரியும் கேட்கிறது. ஸ்ட்ரீமிங் பிரதி பளிச்சென்று இருக்கிறது. எது சரியென்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்றாவது, "மானிஷ் போய்" என்ற ஒரே பேரில் வேறு வேறு நீளத்தில் பல பதிவுகள் கிடக்கின்றன. கடைசியாக, எங்கள் வாசகரில் அரைவாசிப் பேர் புளூஸ் கேட்டதே இல்லை. அவர்களுக்கு எந்த அளவுக்கு விளக்க வேண்டும்?

தெரிந்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கோ.

---

நிலாவெளி78

தம்பி, தொகுப்பு விமர்சனத்தில் பாட்டுக்காரரைத் தரம் பார்க்கத் தேவையில்லை. பாட்டுகளைத் தெரிவு செய்தவரைத் தரம் பாருங்கோ. எந்தக் காலத்துக்கு எத்தனை பாட்டு, எந்தப் பதிவு, எது வெளியே நின்றது, ஏன் நின்றது. 700 சொல்லில் 400 இதற்கே போகட்டும். அவருடைய வாழ்க்கை வரலாறு ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். அது எங்கேயும் கிடைக்கும்.

வேலையை ஒரு தாளோடு தொடங்குங்கோ. 72 பாட்டையும் பதிவான ஆண்டு வரிசையில் எழுதி, பக்கத்தில் லேபிள், வாத்தியக்காரர், இயற்றியவர் பெயர் போடுங்கோ. பெட்டியோடு வரும் கையேட்டில் இவை இருக்கும். வெளியான ஆண்டை எடுக்க வேண்டாம், பதிவான ஆண்டைத்தான் எடுக்க வேண்டும். ஸ்ட்ரீமிங் தளம் காட்டுகிற ஆண்டு அநேகமாகத் தொகுப்பு வெளிவந்த ஆண்டு. அதை நம்பினால் 1954இன் பாட்டு 2000க்குப் பிறகு வந்ததாக அச்சில் போய்விடும்.

அந்தத் தாள் முடிந்ததும் ஓட்டைகள் தானாகவே தெரியும். இந்தப் பெட்டி 1947இல் தொடங்கி 1972இல் நிற்கிறது. மனிதர் 1983 வரைக்கும் இருந்தவர். ஜோனி விண்டர் தயாரிப்பில் 1977இல் புளூ ஸ்கை லேபிளில் வெளியான "ஹார்ட் அகெய்ன்" அல்பம் அவருடைய பிற்காலத்தின் உச்சம் என்பது பலருடைய கணிப்பு, என்னுடையதும் அதுதான். அது இந்தப் பெட்டியில் இல்லாததற்குக் காரணம் ரசனை அல்ல, உரிமை. செஸ் நாடாக்கள் எம்சிஏயின் கையில் இருந்தன, புளூ ஸ்கை வேறு நிறுவனத்தின் கையில்.

முன் பக்கத்திலும் ஒரு ஓட்டை. 1941 ஓகஸ்டில் அலன் லோமக்ஸ் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக மிசிசிப்பியில் ஸ்டோவல் தோட்டத்துக்குப் போய், அங்கே வேலை செய்துகொண்டிருந்த மடியைப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் 1993இல் தனிச் சீடியாக வந்தன. அதில் "ஐ பீஸ் ட்ரபிள்ட்" என்று ஒரு பாட்டு. 1948இல் சிகாகோவில், பிறகு செஸ் ஆகிய அரிஸ்டோக்ராட் லேபிளில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த "ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்" அதே பாட்டின் மறுவடிவம்தான். முந்தியது மின்சாரமில்லாத கிற்றார், பிந்தியது மின்கிற்றார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒரு பந்தி எழுதுங்கோ. இந்தப் பெட்டி எந்த இடத்திலிருந்து கதையைத் தொடங்குகிறது என்பது வாசகருக்கு அதிலேயே விளங்கிவிடும்.

அடுத்தது, வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்வதைக் கவனியுங்கோ. முதல் சீடியின் ஆரம்பத்தில் நிற்கும் 1948 பதிவுகளில் மடியின் ஸ்லைட் கிற்றாரும் (தந்தியில் குழாயை வழுக்கி வாசிப்பது) பிக் க்ரோஃபோர்டின் நிறுத்தி வாசிக்கும் பெரிய பேஸும்தான், வேறொன்றும் இல்லை. லேபிள் முதலாளி லெனார்ட் செஸ் அந்தச் சிக்கன அமைப்பை நெடுநாள் கைவிடவில்லை. மேடையில் முழுக் குழு வாசித்துக்கொண்டிருக்க, இசைத்தட்டில் இரண்டு பேர்தான். பிறகு லிட்டில் வோல்ட்டரின் ஹார்மோனிகா வரும், ஜிம்மி ரொஜர்ஸின் இரண்டாவது கிற்றார் வரும், 1953 அளவில் ஒட்டிஸ் ஸ்பானின் பியானோ வரும். சிகாகோ புளூஸ் என்று இன்றைக்குச் சொல்கிற அந்த முழுச் சத்தம் கட்டப்படுவதை ஒரே சீடியில் வரிசையாகக் கேட்கலாம். தொகுப்பு கால வரிசையில் இருந்தால்தான் இது நடக்கும். "சிறந்த பாட்டுகள்" என்று கலைத்துப் போட்ட மலிவுச் சீடிகளில் இந்த வளர்ச்சி காணாமல் போய்விடும்.

"மானிஷ் போய்" குழப்பம் இலகு. 1955 செஸ் பதிவு மூன்று நிமிடத்துக்கு உட்பட்டது, பின்னால் பெண் குரல்கள் கூவும். 1977இல் "ஹார்ட் அகெய்ன்" அல்பத்தில் வந்தது ஐந்து நிமிடத்தைத் தாண்டும். ஜேம்ஸ் கொட்டனின் ஹார்மோனிகா இருக்கும், ஜோனி விண்டர் உற்சாகத்தில் போடுகிற கூச்சலும் நன்றாகக் கேட்கும். இவை இரண்டுக்கும் நடுவில், 1968இன் "எலெக்ட்ரிக் மட்" அல்பத்துக்காக சைக்கெடெலிக் பாணியில் பதிவானதும் ஒன்று இருக்கிறது.

மறுபதிவை முதற்பதிவாக விற்பது புளூஸில் பழைய வியாதி. எங்கடை பழைய சினிமாப் பாட்டுகளைப் புது வாத்தியத்தோடு திரும்பப் பாடி, பழைய படத்தை அட்டையில் ஒட்டி வித்த கசெற்றுகள் போலத்தான். அட்டையில் பதிவாண்டும் வாத்தியக்காரர் பெயரும் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கோ.

பிறந்த ஆண்டிலும் ஒரு பொறி இருக்கிறது. அவரே 1915 என்று சொல்லி வந்தவர், கல்லறையிலும் அதுதான். ஆவணங்களைத் தேடியவர்கள் 1913 பக்கம் நிற்கிறார்கள். தேவையில்லாவிட்டால் ஆண்டைப் போடாமலே விடலாம்.

---

சாம்பல்தீவு_ஒலி

சத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். "பளிச்" என்று கேட்டது உண்மையிலேயே தெளிவா, வெறும் சத்தக் கூடுதலா என்பதைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடினாலே காது அதை "நல்லது" என்று எடுத்துக்கொள்ளும், "சத்தம் கூட" என்று சொல்லாது. 1989 காலத்துச் சீடிகள் பொதுவாகக் குறைந்த சத்த அளவில் செய்யப்பட்டவை. பிந்தி வந்த ரீமாஸ்டர்கள் (பழைய நாடாவை வெளியீட்டுக்காகத் திரும்பச் சீர்செய்த பிரதிகள்) பல, உச்சங்களை நசுக்கிச் சராசரியைத் தூக்கியவை. அளவைச் சமப்படுத்தாமல் இரண்டையும் ஒப்பிட்டு எழுதினால் அந்த வரிக்குப் பெறுமதி இல்லை.

சீடியிலிருந்து எடுத்த கோப்பையும், காசு கொடுத்துத் தரவிறக்கிய ரீமாஸ்டர் கோப்பையும் ஓடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறவுங்கோ. ஒரே பாட்டில் ஒரே 30 செக்கனை இரண்டிலும் வெட்டி எடுங்கோ. எஃபெக்ட் பட்டியலில் லவுட்னஸ் நோர்மலைசேஷன் இருக்கும், இரண்டுக்கும் மைனஸ் 18 லஃப்ஸ் (சராசரிச் சத்த அளவின் அலகு) கொடுங்கோ. இனி மாறி மாறிக் கேளுங்கோ. பளிச்சென்றது இப்போதும் பளிச்சென்றால் அது மாஸ்டரிங் வித்தியாசம். ஒன்றாகக் கேட்டால் வெறும் சத்தம்தான். சமப்படுத்துவதற்கு முன்பே அனலைஸ் பட்டியலில் ஃபைண்ட் கிளிப்பிங்கையும் ஓடவிட்டுப் பாருங்கோ. உச்சிகள் தட்டையாகக் கிடந்தால் ரீமாஸ்டரில் நசுக்கியிருக்கிறார்கள்.

அடுத்தது மொனோ சோதனை. ஐம்பதுகளின் செஸ் பதிவுகள் மொனோ, இரு பக்கமும் ஒரே ஒலி. அறுபதுகளில் ஸ்டீரியோ மோகம் வந்தபோது பல நிறுவனங்கள் மொனோ நாடாவை எடுத்து, அடித்தொனியை ஒரு பக்கமும் மேல்தொனியை மறுபக்கமும் பிரித்து, எதிரொலி கலந்து, போலி ஸ்டீரியோ செய்தன. அந்த நாடாக்கள் இன்றைக்கும் மலிவுத் தொகுப்புகளில் உலாவுகின்றன. கண்டுபிடிப்பது சுகம். ஓடாசிட்டியில் ட்ராக் பட்டியலைத் திறந்து ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மொனோ கொடுங்கோ. இரண்டில் ஒன்றை மட்டும் தெரிந்து இன்வர்ட் செய்து (அலையைத் தலைகீழாக்கி), இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கோ. முழு நிசப்தம் வந்தால் உண்மையான மொனோ. பாடகரின் குரல் குழிக்குள்ளிருந்து வருவதுபோல் தெளிவாகக் கேட்டால் போலி ஸ்டீரியோ, அல்லது அந்தப் பாட்டு நிசமாகவே ஸ்டீரியோவில் பதிவானது. பதிவாண்டைப் பார்த்தால் எதுவென்று தெரியும்.

இரைச்சல் நீக்கத்தையும் கவனிக்க வேண்டும். பாட்டு முடிகிற கடைசி இரண்டு மூன்று செக்கனை ஹெட்போனில் கேளுங்கோ. நாடாவிலிருந்து நன்றாக மாற்றிய பிரதியில் பின்னணி இரைச்சல் ஒரே சீராக இருந்து, பாட்டோடு சேர்ந்து தேயும். மோசமானதில் குரல் நின்றதும் இரைச்சலும் வெட்டினாற்போல் நிற்கும், குரல் வந்ததும் கூடவே எழும்பும். ஹார்மோனிகாக்காரர் மூச்செடுக்கிற சத்தமும் தாளத்தட்டின் வாலும் முதலில் சாகும். லிட்டில் வோல்ட்டர் வாசித்த பாட்டுகளில் இதைப் பிடிப்பது சுகம்.

இனி இங்கே இருக்கிற எங்களுக்கு மட்டும் உரிய ஒரு விசயம். கடற்கரைக் காற்றில் ஹெட்போன் ஜாக்கும் ஆர்சிஏ முனைகளும் (பிளேயரை அம்பிளிஃபயரோடு இணைக்கிற வயர் முனைகள்) பச்சை பிடிக்கும். அந்தக் கரகரப்பைப் பழைய இசைத்தட்டுத் தேய்மானம் என்று எண்ணிவிடலாம். முனையைக் கையால் சுழற்றிப் பாருங்கோ, கரகரப்பு மாறினால் பிழை உங்கள் பக்கம். ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டுச் செருகுங்கோ. சீடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தும் பாருங்கோ. ஓரத்தில் ஊசித்துளை போலப் புள்ளிகள் தெரிந்தால் பளபளப்புப் படலம் அரிக்கப்பட்டிருக்கிறது. அப்படியான சீடியை எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி மாதிரிப் பிழை காட்டுகிற மென்பொருளால் எடுத்த பிறகே குறை சொல்லுங்கோ.

ஹம் சத்தத்துக்கும் (மின்சாரத்தால் வரும் ரீங்காரம்) ஒரு அடையாளம் இருக்கிறது. எங்கடை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அமெரிக்காவில் 60. எல்பியிலிருந்தோ கசெற்றிலிருந்தோ கணினிக்குப் பதிந்த கோப்பில் ஹம் கேட்டால், வாத்தியம் இல்லாத ஒரு செக்கனைத் தெரிந்து ஓடாசிட்டியின் ப்ளொட் ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் வரைபடம்) அளவை 16384 ஆக வையுங்கோ. 50இலும் 100இலும் முள் நின்றால் அது உங்கள் வீட்டு எர்த். 60இலும் 120இலும் நின்றால் சிகாகோ ஸ்டூடியோவிலேயே புகுந்திருக்கலாம், அதைத் தொகுப்பாளர் விட்டுவைத்தது பெரும்பாலும் நல்லதுதான். 60க்குப் பதிலாக 62, 63 என்று விலகி நின்றால் நாடா வேகமாக ஓடியிருக்கலாம். அரை ஸ்வரம் கூடினால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூட, 60 போய் 63.6 இல் நிற்கும்.

---

உவர்மலை_வாசகன்

நன்றி அண்ணை. சீடிக் கோப்பில் இன்வர்ட் செய்தால் நிசப்தம் வருகிறது. தரவிறக்கிய எம்பி3இல் மெல்லிய சலசலப்பு மிஞ்சுகிறது, குரல் இல்லை. இதற்கு என்ன பொருள்?

---

சாம்பல்தீவு_ஒலி

எம்பி3 சுருக்கத்தின் மிச்சமாக இருக்கலாம். ஸ்டீரியோ ரெக்கோடரில் மாற்றிய மொனோ நாடாவிலும் இரு பக்க இரைச்சல் வேறுபட்டு இப்படி மிஞ்சும். குரல் மிஞ்சாதவரை போலி ஸ்டீரியோ என்று எழுதக்கூடாது. அதே கோப்பை ஸ்பெக்ட்ரோகிராமில் (அதிர்வெண்களை நேரத்தோடு காட்டும் படம்) பாருங்கோ. 16 கிலோஹேர்ட்ஸில் கத்தியால் வெட்டினாற்போல் நின்றால் அது 128 கேபிபிஎஸ் கோப்பின் அடையாளம், மாஸ்டரிங் செய்தவரின் குற்றமில்லை. ஒலித்தரம் பற்றித் தீர்ப்புச் சொல்ல அந்தக் கோப்பைப் பாவிக்க வேண்டாம். ஃப்ளாக் (இழப்பில்லாமல் சுருக்கிய கோப்பு) அல்லது சீடி மட்டும்.

---

குச்சவெளி_கிற்றார்

புதிய வாசகருக்கு எவ்வளவு விளக்குவது என்ற கேள்வியை ஒருவரும் தொடவில்லை.

புளூஸின் அடிப்படையான பன்னிரண்டு பார் அமைப்பை ஒருமுறை சொன்னால் போதும். நாலு அடி கொண்ட பன்னிரண்டு பார், மொத்தம் 48 அடி, பிறகு திரும்பவும் முதலிலிருந்து. முதல் நாலு பார் பெரும்பாலும் தாய்க் கோர்டில் (கோர்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), அடுத்த நாலில் நாலாம் கோர்டுக்குப் போய்த் திரும்பும், கடைசி நாலு ஐந்தாம் கோர்டில் தொடங்கி இறங்கும். பாட்டு வரி ஒன்று, அதே வரி திரும்ப, பிறகு பதில் வரி. ஆதி தாளம் போட்டுப் பழகிய வாசகர் கையால் எண்ணிக்கொண்டே கேட்கலாம், அப்படிக் கேட்கச் சொல்லியும் எழுதலாம். ஆனால் ஸ்வரம் வளைவதைக் கமகம் என்று எழுதிவிடாதீர்கள். புளூஸில் மூன்றாம், ஏழாம் ஸ்வரங்கள் பெரியதுக்கும் சின்னதுக்கும் நடுவில் தொங்கி நிற்கும். அதற்கு ராக இலக்கணம் கிடையாது. ஒப்பிட்டால் வாசகர் இல்லாத ஒன்றைத் தேடத் தொடங்கிவிடுவார்.

அமைப்பு உடைகிற இடங்களில்தான் விமர்சகருக்கு வேலை. 1954இன் "ஹூச்சி கூச்சி மேன்" வில்லி டிக்ஸன் எழுதியது. முதல் நாலு பாரை எட்டாக்கி, குழு ஒரு சின்னத் துண்டு அடித்து நிற்க, மடி வெறும் குரலால் அந்த இடைவெளியை நிரப்புவார். ஆகவே அது 16 பார். அடுத்த ஆண்டின் "மானிஷ் போய்" அந்த நிறுத்தத் துண்டையே எடுத்து, கோர்டு மாறாமல் கடைசிவரை ஓட்டுகிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொல்லி மூன்று வரி எழுதினால், புளூஸ் எல்லாம் ஒரே மாதிரி என்கிற வாசகருக்கு அது போதும்.

தொடரில் ஜோன் லீ ஹூக்கர் வரும்போது பன்னிரண்டு பார் கணக்கே உதவாது. 1948இன் "பூகி சில்லன்" கோர்டு மாறாத பாட்டு: தனிக் கிற்றார், கால் தட்டு, குரல். அவருடைய தொகுப்புகளில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. மொடர்ன் லேபிளோடு ஒப்பந்தம் இருந்த காலத்திலேயே டெக்ஸஸ் ஸ்லிம், பர்மிங்ஹாம் சாம், டெல்டா ஜோன், ஜோன் லீ புக்கர் என்று வேறு வேறு பேரில் வேறு கம்பனிகளுக்குப் பாடிக் கொடுத்தவர். ஒரே லேபிளின் தொகுப்பு அவருடைய காலத்தின் ஒரு துண்டைத்தான் காட்டும். பல லேபிளிலிருந்தும் உரிமை வாங்கிச் சேர்த்தது 1991இன் ரைனோ இரட்டைச் சீடி. 1948 முதல் 1990 வரை போகிறது. முதல் தடவை கேட்பவருக்கு அதைத்தான் சொல்வேன்.

நிலாவெளி அண்ணையோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. தெரிவைத்தான் தரம் பார்க்க வேண்டும் என்கிறார். பழைய நாடாவைத் தொகுத்தால் சரி. மூத்தவர் தானே திரும்ப ஸ்டூடியோவுக்குப் போய், தன் பழைய பாட்டுகளை விருந்தாளிகளோடு பாடுகிற அல்பத்துக்கு அது செல்லாது. அங்கே குரலையும் கையையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஹூக்கரின் 1989 "த ஹீலர்" அல்பத்தில் பொனி ரெய்ட்டோடு பாடிய "ஐ'ம் இன் த மூட்" கிராமி வாங்கியது, முதற்பதிவு 1951. இரண்டையும் வைத்துக் கேட்டால், தாளத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்பது தெரியும். கைத்தொலைபேசி ஸ்டொப்வொட்சை எடுத்து, அல்பத்தில் மூத்தவரின் குரலும் கிற்றாரும் உண்மையில் எத்தனை நிமிடம் முன்னுக்கு நிற்கின்றன என்று எண்ணுங்கோ. சில விருந்தாளி அல்பங்களில் அந்தக் கணக்கு மோசமாக வரும், அட்டையில் இருக்கிற பேருக்கும் அதற்கும் பொருத்தமே இராது.

---

நிலாவெளி78

விருந்தாளி அல்பம் வேறு இனம், ஒத்துக்கொள்கிறேன். பி.பி. கிங்கின் 1997 "டியூசஸ் வைல்ட்" போன்றவற்றை இந்தத் தொடரில் சேர்க்காமல் தனியாக எழுதலாம். ஆனால் அவருடைய நாலு சீடி "கிங் ஒஃப் த புளூஸ்" 1992 பெட்டியை எடுத்தால் என் கணக்கு அப்படியே செல்லும். அவரை உருவாக்கியது ஐம்பதுகளின் ஆர்பிஎம் லேபிள் பதிவுகள். பெட்டி போட்ட நிறுவனத்தின் கையில் இருந்தது அறுபதுகள் தொடக்கம் வந்த ஏபிசி லேபிள் நாடாக்கள். ஐம்பதுகளுக்கு அதில் கிடைத்த இடம் குறைவு. அந்தப் பெட்டியை மட்டும் கேட்டவர் அவரை "த த்ரில் இஸ் கோன்" காலத்து வயலின் கூட்டத்தோடு பிறந்தவர் என்று நினைப்பார்.

இயற்றியவர் பேரையும் அப்படியே கொப்பி பண்ண வேண்டாம். ஆர்பிஎம் தட்டுகளில் டௌப், லிங், ஜோசியா என்று வருகிறவர்கள் பாட்டெழுதியவர்கள் இல்லை. கம்பனி முதலாளிகளான பிஹாரி சகோதரர்கள் உரிமைப் பணத்தில் பங்கு எடுக்க வைத்த புனைபேர். "த்ரீ ஓ'க்ளொக் புளூஸ்" கிங்குக்கு முந்தி லோவல் ஃபுல்சன் பாடியது, கிங்கின் தட்டில் டௌப் பேர் ஏறியது. மடி பக்கமும் உண்டு. "கொட் மை மோஜோ வேர்க்கிங்" பிரெஸ்டன் ஃபொஸ்டர் எழுதி ஆன் கோல் முதலில் பதிந்த பாட்டு, பழைய செஸ் அச்சுகளில் மடியின் பேர் நிற்கும். தொகுப்பின் கையேடு இதைத் திருத்தியிருக்கிறதா என்று பார்த்து ஒரு வரி எழுதினால், வேறு பத்து விமர்சனத்தில் இல்லாத தகவல் உங்கள் மடலில் இருக்கும்.

"எலெக்ட்ரிக் மட்" பதிவுகளை ஒரு பெட்டி சேர்த்திருக்கிறதா விட்டிருக்கிறதா என்பதையும் குறியுங்கோ. எனக்கு அந்த அல்பம் பிடிக்காது. ஆனாலும் வாழ்நாள் தொகுப்பு என்று பேர் வைத்துவிட்டு 1968ஐத் தாண்டிக் குதித்தால் அது தொகுப்பாளர் ஒளித்த ஒளிப்பு.

நட்சத்திரம் போடாதீர்கள். 72 பாட்டுக்கு ஐந்தில் நாலரை என்பது ஒன்றையும் சொல்லாது. யாருக்கு இது, யாருக்கு வேறு என்று எழுதுங்கோ. முதல் தடவை கேட்பவருக்கு 1958இல் வந்த "த பெஸ்ட் ஒஃப் மடி வோட்டர்ஸ்" 12 பாட்டு போதும், 1948 முதல் 1954 வரையான தனித்தட்டுகள் அவை. அதற்கு மேல் வேண்டுபவருக்கு 2001இன் இரட்டைச் சீடி, 50 பாட்டு. செஸ் பொக்ஸ் அதற்கும் அப்பால் போகிறவருக்கு. இந்த மூன்றுமே 1972க்கு அந்தப் பக்கம் போகாது என்பதால் "ஹார்ட் அகெய்ன்" தனியாக எடுக்க வேண்டும்.

---

சாம்பல்தீவு_ஒலி

ஒன்று விட்டுப்போனது. கட்டுரையின் அடியில் நீங்கள் கேட்ட பிரதியின் வெளியீட்டு ஆண்டையும் சீடி முதுகில் இருக்கும் இலக்கத்தையும் போடுங்கோ. ஸ்ட்ரீமிங்கில் கேட்டதைப் பற்றி எழுதினால் கேட்ட மாதத்தையும் சேருங்கோ. அறிவிப்பில்லாமல் பழைய மாஸ்டரைக் கழற்றிப் புதியதை அதே அட்டைப் படத்தின் கீழ் மாட்டிவிடுவார்கள். பிறகு வாசகர் கேட்கிறது ஒன்று, நீங்கள் எழுதினது இன்னொன்றாகப் போய்விடும்.